மைக் பாவிக்கவில்லை

மல்லாவி கூட்டுறவு மண்டபத்தில்
நாலரை மணிக்கு நான் வயர் இழுத்துக்கொண்டிருக்க
ஒஸ்லோவிலிருந்து வந்தவள் கேட்டாள்:
இதெல்லாம் ஆருக்கு?
உங்களுக்குத்தான் என்றேன்.
எனக்கு வேண்டாம் என்றாள்.

இருபத்தாறு வருடம் சவுண்ட் சேர்விஸ்.
சாமத்தியவீடு, செத்தவீடு, தேர்தல்,
குளத்துக் கதவு திறக்கப்போகுது என்ற அறிவித்தல்,
ஒரு காலம்
எழும்பிப் போகச் சொல்லி ஓட்டோவில் கட்டிய குழாய்.
மைக் வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை.
குழாய் இல்லாமல் இங்கே ஒரு சொல்
பத்து முழம் போகாது என்பது என் கணக்கு.

ஆரபி என்று பெயர். பெயர்தான் ராகம்,
படித்தது அந்தப் பக்கத்துப் பாட்டு.
சர்ச்சில் கீபோட் அடிக்கிற கிளெமென்ற்
நோட்டுத்தாளைப் பார்த்தே வியர்த்துப்போயிருந்தான்.
நூற்றிப்பத்துக் கதிரை, அறுபது பேர்.
மிச்சத்தில் குடைகள் உட்கார்ந்திருந்தன.

முதலில் ஒப்பெரா.
இதில் நான் சாகிறேன் என்று அறிவித்தாள்,
பந்தியில் இடம் கேட்பவளின் கூச்சத்தோடு.
பிறகு வாயைத் திறந்தாள்.

சுவரோரம் சாத்தியிருந்த என் பெட்டி ஸ்பீக்கர்
வயர் கொழுவாமலே கிணுகிணுத்தது.

கத்தி குத்தியாயிற்று. விழுந்தாள்.
விழுந்தபடி பாடினாள்.
முழங்காலில் எழும்பிப் பாடினாள்.
நாலு நிமிடமாகியும் உயிர் போகவில்லை.
மூன்றாம் வரிசையில் கச்சான் விற்கிற நாகபூசணி
பக்கத்திலிருந்தவளுக்குச் சொன்னாள், குசுகுசுத்துத்தான்:
"சாகிறவைக்கு இவ்வளவு மூச்சு இராது."

எல்லோருக்கும் கேட்டது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அந்த மண்டபத்தில் அது தெரியாதவை
சின்னப்பிள்ளைகள் மட்டும்.

ஆரபி பாடி முடித்துத்தான் செத்தாள்.
தட்டினோம், பலமாக.
நின்றுபோன லொறியைத் தனியாளாய்த் தள்ளியவளுக்குத்
தட்டுவதுபோல.

தண்ணீர் குடித்தாள்.
கிளெமென்றிடம் குனிந்து ஏதோ சொன்னாள்.
விளங்காதவன் ஆட்டுகிற மாதிரி
அவன் தலையை ஆட்டினான்.
"இது சின்னப் பாட்டு. ஜேர்மன் மொழி.
ஒருத்தி லாம்புச் சிமினியைத் துடைக்கிறாள்.
அவ்வளவுதான் நடக்கும்."

அவ்வளவுதான் நடந்தது.
விரலில் சுற்றிய சீலைத்துண்டு
கரிபிடித்த கண்ணாடிக்குள் இறங்குவதுபோல் இறங்கி,
ஒடுங்குகிற இடத்தில் இன்னும் ஆறுதலாகி,
கீபோட்டில் ஒரு கட்டை பிழையாய் விழுந்ததும்
அவன் சரிசெய்யுமட்டும் அங்கேயே நின்று,
தகரத்தில் மழை தொடங்கியபோதும்
குரலை ஒரு நூல் உயர்த்தாமல்.
நாங்கள்தான் முன்னே சாய்ந்தோம்.
பிளாஸ்ரிக் கதிரைகள் ஒன்றாய்க் கிரீச்சிட்டன.

ஆருக்காகத் துடைக்கிறாள், பிறகு கொளுத்தினாளா,
அதொன்றும் பாட்டில் இல்லையாம்.
பிறகு கேட்டறிந்தேன்.

நாகபூசணி எழும்பினாள்.
வாசலில் கச்சான் பெட்டி நனைகிறது,
போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.
"பிள்ளை, அந்தச் சிமினியை
இன்னொருக்காத் துடையுங்கோ."

துடைத்தாள்.

பற்றுச்சீட்டு எழுதினேன்:
கதிரை நூற்றிப்பத்து. பல்ப் ஆறு.
மைக் பாவிக்கவில்லை, காசில்லை.
அவள் அதற்கும் சேர்த்துத் தந்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

சொல்லாதது ஒன்று:
பழக்கதோஷத்தில் யன்னலடியில் ஒரு மைக்கைத்
திறந்துவிட்டிருந்தேன்.
இரவு போட்டுக் கேட்டால்
சாவு முழுக்கக் கரகரப்பு, ஊசி சிவப்பைத் தாண்டிவிட்டது.
சிமினியில் குரல் எங்கோ தூரத்தில்.
கிட்டக் கேட்பது மழை, யாரோ ஒருவரின் இருமல்,
வரிக்கு வரி மூச்செடுக்கிற சத்தம்.
எண்ணிப் பார்த்தேன். பதினேழு.
இரண்டாம் தரம் பதினெட்டு.

கிளெமென்ற்றாகவும் இருக்கலாம்.